போம்பே நோய்: ஒரு நொதி போய்ச் சேராத இடம்

1930 டிசம்பர் 27. ஆம்ஸ்டர்டாமில் நிமோனியாவில் இறந்துபோன ஏழு மாதப் பெண் குழந்தையின் உடலை யோஹான்னஸ் காசியானுஸ் போம்பே என்ற மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்தார். அவருக்கு அப்போது 29 வயது. குழந்தையின் இதயம் அந்த வயதுக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெருத்திருந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி அன்றைய மருத்துவம் 'காரணம் தெரியாத இதயப் பெருக்கம்' என்று எழுதி முடித்துவிடும். போம்பே அங்கே நிற்கவில்லை. திசுவைச் சீவி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

இதயத் தசை அடர்த்தியாக, இழை இழையாகத் தெரிய வேண்டும். இங்கே அது மீன்வலைபோல் இருந்தது. ஒவ்வொரு தசைச் செல்லின் நடுவிலும் பெரிய குழிகள். சுருங்கி விரிய வேண்டிய இழைகள் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தன. குழிகளுக்குள் இருந்தது, உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன். இதயத்தில் மட்டும் இல்லை, மற்ற உறுப்புகளிலும் அதே கதைதான். 1932இல் டச்சு மொழியில் இதைக் கட்டுரையாக எழுதினார். 1936இல் இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வும் செய்தார். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்.

செல் நுண்ணுறுப்புகளைப் பற்றிப் பேச இந்த ஒரு குழந்தையின் நோயை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிப் பாடத்தில் உட்கரு, எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, லைசோசோம், மைட்டோகாண்ட்ரியா என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாக வரும். அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவோம், மதிப்பெண் வாங்குவோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே என்ன போய் வருகிறது என்பது மனதில் பதியாது. போம்பே நோயில் பிசகுவது ஒரே ஒரு நொதி. அந்த நொதியின் பின்னாலேயே நடந்து போனால் செல்லின் பாதிப் பகுதியைச் சுற்றி வந்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இறந்த குழந்தைகள்

கிளைக்கோஜன் நம் உடலின் நெற்குதிர். சாப்பிட்டதும் மிஞ்சும் குளுக்கோஸைக் கல்லீரலும் தசையும் கோத்துக் கிளை கிளையாகப் பின்னி வைத்துக்கொள்கின்றன. பசி வந்தால் அவிழ்த்து எடுத்துக்கொள்கின்றன. கோக்கவும் அவிழ்க்கவும் தேவையான நொதிகள் சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன. இந்த வேதியியலின் பெரும்பகுதியை அவிழ்த்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வேலை செய்தார்கள், 1947இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

1950களில் கெர்ட்டி கோரி கிளைக்கோஜன் சேர்ந்துபோகும் நோய்களை வகை பிரித்தார். முதல் வகையில் கல்லீரலில் ஒரு நொதி இல்லை என்பதை 1952லேயே கோரி தம்பதி காட்டியிருந்தார்கள். அந்த நொதியின் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். இந்தப் பெயர் சீக்கிரமே மறுபடி வரும். போம்பே நோய் இரண்டாவது வகை. அதில்தான் எல்லாரும் திணறினார்கள். அந்தக் குழந்தைகளிடம் கிளைக்கோஜனை அவிழ்க்கும் நொதிகள் எல்லாமே இருந்தன. இரத்தத்தில் சர்க்கரை அளவும் சரியாகவே இருந்தது. சேமித்ததை அவிழ்க்கச் சொல்லும் ஹார்மோனான குளுக்ககானை ஊசியில் போட்டால் கல்லீரல் குளுக்கோஸை வெளியே விட்டது. களஞ்சியத்தின் பூட்டும் சாவியும் சரி, கதவும் சரி. ஆனாலும் தசைக்குள் கிளைக்கோஜன் மலையாகக் குவிந்து குழந்தை இறந்துபோனது.

கருவி இருக்கிறது, பொருள் இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. ஏன்? இரண்டும் ஒரே இடத்தில் இல்லையோ என்று கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்க, செல்லுக்குள் அப்படி ஒரு தனி இடம் உண்டு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அது யாருக்கும் தெரியாது.

குளிர்ப்பெட்டியில் ஐந்து நாள்

அந்த இடம் வேறு ஒரு தேடலின் நடுவே கிடைத்தது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் தெ துவே இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கோரி தம்பதியின் ஆய்வகத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு வேண்டியிருந்தது குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். எலியின் கல்லீரலை அரைத்து, மையவிலக்கியில் வெவ்வேறு வேகத்தில் சுழற்றி, கனமானது அடியிலும் லேசானது மேலுமாகப் பிரித்து, அந்த நொதி எந்தப் பகுதியில் தங்குகிறது என்று பார்த்தார். ஒப்பிடுவதற்காக மட்டும், தனக்குத் தேவையில்லாத இன்னொரு நொதியையும் அளந்துகொண்டார். அமில பாஸ்பட்டேஸ்.

1949 டிசம்பரில் அந்த ஒப்பீட்டு அளவு கோணலாக வந்தது. எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று கழுவிக் கொட்டியிருக்கலாம். கொட்டாமல் மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்தபோது நொதியின் செயல் எதிர்பார்த்த அளவுக்கு ஏறியிருந்தது.

ஐந்து நாள் குளிரில் கிடந்த சாற்றில் புதிதாக நொதி உண்டாகாது. அப்படியானால் அது முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது, வெளியே இருந்த சோதனைப் பொருளைத் தொட முடியாமல். அதாவது நொதி ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது. மென்மையாக அரைத்தால் பை உடையாது, நாளாக ஆக சவ்வு நைந்து கசியும். இவ்வளவுதான் வாதம். படம் எதுவும் இல்லாமல், நுண்ணோக்கியில் எதையும் பார்க்காமல், ஒரு எண் சரியாக வரவில்லை என்பதை வைத்தே ஒரு நுண்ணுறுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்களில் இது ஒன்று.

1955க்குள் அதே பையில் ஐந்து நொதிகள் இருப்பது தெரிந்தது. வெவ்வேறு பொருளைச் சிதைக்கும் நொதிகள், ஆனால் எல்லாம் அமிலச் சூழலில் வேலை செய்பவை. தெ துவே அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் நோவிகாஃப் லூவெனுக்கு வந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமும் எடுத்துக் கொடுத்தார்.

நம் பாடநூல்கள் லைசோசோமை இன்னமும் 'தற்கொலைப் பை' என்கின்றன. அந்தப் பெயரைச் சீக்கிரம் விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். பை கசிந்தால் செல் தன்னைத்தானே தின்றுவிடும் என்ற எண்ணத்தில் வந்த பெயர் அது. ஆனால் லைசோசோமின் உள்ளே பி.எச். மதிப்பு 4.5 முதல் 5 வரை, வெளியே சைட்டோபிளாசத்தில் 7.2 அளவு. அமிலத்தன்மையில் நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு. கொஞ்சம் கசிந்தாலும் அந்த நொதிகள் வெளியே ஏறக்குறையச் செயலற்றுப்போகின்றன. சவ்வில் பதிந்த பம்புகள் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே இறைத்துக்கொண்டிருப்பதால்தான் அந்த அமிலச் சூழல் நிலைக்கிறது. சவ்வின் உட்புறப் புரதங்களுக்குச் சர்க்கரைப் பூச்சு உண்டு, அதனால் சொந்த நொதிகளே அவற்றைத் தின்றுவிடுவதில்லை. இவ்வளவு கவனமாகக் கட்டிய ஒன்றைத் தற்கொலைக் கருவி என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அது எதற்காக இருக்கிறது என்பதே மறைந்துபோகிறது. போம்பே நோய்க் குழந்தைகள் இறந்தது அந்தப் பை உடைந்ததால் இல்லை. அது தன் வேலையைச் செய்யாததால்.

1963: இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன

தெ துவேயுடன் லூவெனில் வேலை செய்தவர் ஹென்றி-ஜெரி எர்ஸ். கிளைக்கோஜன் நோய்கள் அவருடைய துறை. கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக உடைக்கக்கூடிய, ஆனால் அமிலச் சூழலில் மட்டும் வேலை செய்கிற ஒரு நொதி லைசோசோமுக்குள் இருப்பதை அவர் கண்டார். அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். அமில மால்டேஸ் என்றும் சொல்வார்கள். போம்பே நோயில் இறந்த குழந்தைகளின் திசுவில் அதைத் தேடினார். இல்லை. இது 1963இல். அடுத்த ஆண்டே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னொன்று தெரிந்தது. நோயுற்ற கல்லீரல் செல்லில் மிகுதியான கிளைக்கோஜன் ஒற்றைச் சவ்வு சூழ்ந்த பைகளுக்குள் அடைந்து கிடந்தது. போம்பே பார்த்த குழிகளும் இவைதான்.

புதிர் அவிழ்ந்தது. சைட்டோபிளாசத்தில் கிளைக்கோஜனை அவிழ்க்கும் நொதிகள் எல்லாம் இருந்தன, அவை ஒழுங்காக வேலையும் செய்தன. அதனால்தான் இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. ஆனால் லைசோசோமுக்குள் போய்விட்ட கிளைக்கோஜன் அந்த நொதிகளின் கைக்கு எட்டாது. நடுவே ஒரு சவ்வு. அதன் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சவ்வுக்கு இந்தப் பக்கம் பத்து நொதி இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்க வேண்டிய ஒன்று இல்லையென்றால் இல்லைதான். யூகேரியோட் செல்லை, அதாவது உட்கருவுள்ள நம் போன்ற உயிர்களின் செல்லை, சவ்வுகள் அறை அறையாகப் பிரித்திருப்பதன் பயன் என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்த நோயைத்தான் சொல்வேன்.

லைசோசோம் நோய் என்ற கருத்தே இங்கிருந்துதான் பிறந்தது. ஒரு நொதி பரம்பரையாக இல்லாமல் போனால் அது சிதைக்க வேண்டிய பொருள் பைக்குள் சேர்ந்துகொண்டே போகும் என்று எர்ஸ் 1965இல் எழுதினார். அதே அச்சில் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் வந்து பொருந்தின.

போம்பே இதையெல்லாம் பார்க்கவில்லை. ஜெர்மானியர் நெதர்லாந்தைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அவர் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். அவருடைய ஆய்வகத்தில் இயக்கத்தின் வானொலி ஒலிபரப்பி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 1945 பிப்ரவரி 25இல் கைதானார். ஒரு ரயில் பாலத்தைத் தகர்த்ததற்குப் பழிவாங்கும் விதமாக, ஏப்ரல் 15இல் மற்ற 19 பேருடன் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். போர் முடிய மூன்று வாரமே இருந்தது. அவருக்கு 43 வயது.

கிளைக்கோஜன் ஏன் உள்ளே போக வேண்டும்?

வெளியே அவிழ்க்க ஆள் இருக்கும்போது, கிளைக்கோஜன் எதற்கு லைசோசோமுக்குள் போகிறது? நியாயமான கேள்வி. செல் தன் உள்ளே பழையதையும் பழுதானதையும் விடாமல் பொறுக்கிக்கொண்டே இருக்கிறது. சைட்டோபிளாசத்தின் ஒரு துண்டை இரட்டைச் சவ்வு வளைத்து மூடும். அதற்குள் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியா இருக்கலாம், கோணலான புரதம் இருக்கலாம், கூடவே கிளைக்கோஜன் துகளும் இருக்கலாம். அந்த மூட்டை லைசோசோமோடு இணைகிறது. இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர் வைத்தவரும் தெ துவேதான், 1963இல். ஈஸ்ட் செல்களில் இதன் மரபணுக்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

செல்லின் மொத்தக் கிளைக்கோஜனில் இப்படி உள்ளே போவது சிறு பங்குதான். ஆனால் இது ஒருவழிப் பாதை. உள்ளே போனது குளுக்கோஸாக உடைந்தால்தான் சவ்வைத் தாண்டி வெளியே வர முடியும். உடைக்க ஆள் இல்லையென்றால் நாளுக்கு நாள் சேரும். அதிலும் பிறந்த குழந்தையின் நிலை தனி. தொப்புள்கொடி அறுந்து, பால் குடித்துப் பழகும்வரை கையிருப்பைக் கரைத்துத்தான் உடல் சமாளிக்கிறது. அந்த நாள்களில் கிளைக்கோஜனைத் தன்னுண்ணல் வழியாக எடுத்துக்கொள்வது உச்சத்தில் இருக்கும் என்று விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

பை நிரம்ப நிரம்ப உப்பும். தசைச் செல்லுக்குள் சுருங்கும் இழைகள் நேர்க்கோட்டில் இருந்தால்தான் விசை பிறக்கும். உப்பிய பைகள் அவற்றை விலக்கித் தள்ளுகின்றன, சில உடைந்தும் போகின்றன. அதோடு நிற்பதில்லை. லைசோசோம் முடங்கினால் அதை நோக்கி வரும் மூட்டைகளும் இறங்க இடமில்லாமல் வழியிலேயே தேங்குகின்றன. கழித்துவிட வேண்டிய பழுதான மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குள்ளேயே தங்குகின்றன. ஒரு நொதியின் குறை இப்படித்தான் மற்ற நுண்ணுறுப்புகளின் பிரச்சினையாக மாறுகிறது.

குழந்தையிடம் இது தெரிவது எப்படி? முதல் சில மாதங்களிலேயே தலை நிற்காது, தூக்கினால் கையும் காலும் துவண்டு தொங்கும். நாக்கு பெரிதாக இருக்கும். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும். மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும், இ.சி.ஜி.யில் அலைகள் வழக்கத்தைவிட உயரமாக எழும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. நொதி அறவே இல்லாமல் போகாமல் கொஞ்சமாவது இருக்கும் ஆட்களுக்கு நோய் பிந்தி வரும். சிறுவயதிலோ நடுவயதிலோ படியேற முடியாமல், படுத்தால் மூச்சு விட முடியாமல் மருத்துவரிடம் போவார்கள். அவர்களுக்கு இதயம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. உதரவிதானம் தப்புவதில்லை.

நொதியின் பயணம்

இந்த நொதிக்கான மரபணு 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதான தாய் தந்தைக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில் இந்த வகை நோய்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும். ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பழுது கணவன் மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது.

உட்கருவுக்குள் மரபணுவிலிருந்து எழுதிய ஆர்.என்.ஏ. நகல் உட்கரு உறையின் துளை வழியாக வெளியே வருகிறது. ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கத் தொடங்குகிறது. முதலில் கோக்கும் சிறு துண்டிலேயே 'இது எண்டோபிளாச வலைக்குப் போக வேண்டியது' என்ற குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பு வெளியே எட்டிப் பார்த்ததும் ரைபோசோமை அப்படியே வலையின் சவ்வுக்குக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள் செல்லின் ஆட்கள். மீதிப் புரதம் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. மொத்தம் 952 அமினோ அமிலங்கள். படத்தில் சொரசொரப்பான வலை என்று புள்ளி புள்ளியாக வரைகிறோமே, அந்தப் புள்ளிகள் இப்படிப் புரதத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும் ரைபோசோம்கள். புரதங்கள் தம் விலாசத்தைத் தாமே சுமக்கின்றன என்பதைக் காட்டிய குந்தர் புளோபல் 1999இல் நோபல் பரிசு வாங்கினார்.

வலைக்குள் போனதும் அந்தப் புரதத்தின் ஏழு இடங்களில் சர்க்கரைக் கொத்துகள் ஏறுகின்றன. பிறகு அது மடிந்து உருவம் பெற வேண்டும். இங்கே சோதனை கடுமையானது. சரியாக மடியாத புரதத்தை வலை வெளியே விடாது. பிடித்து வைத்துப் பார்க்கும், முடியாவிட்டால் சைட்டோபிளாசத்துக்குத் தள்ளிச் சிதைத்துவிடும். போம்பே நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பழுது இங்கேதான். ஒரு அமினோ அமிலம் மாறியதால் நொதி சற்றே கோணலாக மடிகிறது. போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும். ஆனால் வாசலைத் தாண்டவே விடுவதில்லை. வேறு சிலருக்கு நொதி உருவாவதே இல்லை. இந்த வேறுபாடு சிகிச்சையில் பெரிதாக வந்து நிற்கும்.

சோதனை முடிந்த நொதி சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்கு வருகிறது. இத்தாலியரான கமில்லோ கோல்கி 1898இல் ஆந்தையின் மூளைச் செல்லில் வெள்ளிச் சாயத்தில் இந்த அமைப்பைப் பார்த்தார். சாயத்தின் கோளாறு என்று பலர் அரை நூற்றாண்டு வரை நம்ப மறுத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் வழக்கு தீர்ந்தது. பாடநூலில் 'பொட்டலம் கட்டும் இடம்' என்று ஒரு வரியில் போகிற இந்த உறுப்பில்தான் நம் நொதியின் தலைவிதி முடிவாகிறது. லைசோசோமுக்குப் போக வேண்டிய புரதத்தை மட்டும் அங்குள்ள ஒரு நொதி இனம்கண்டு, அதன் சர்க்கரைக் கொத்தில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. மானோஸ்-6-பாஸ்பேட். கோல்கையின் மறுபுறத்தில் இந்த அடையாளத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் காத்திருக்கின்றன. பிடித்துச் சிறு பையில் ஏற்றி, லைசோசோமுக்குப் போகும் வழியில் உள்ள எண்டோசோம் என்ற பைக்கு அனுப்புகின்றன. அங்கே அமிலம் கூடியதும் ஏற்பியின் பிடி தானாகத் தளர்கிறது. நொதி லைசோசோமை நோக்கிப் போகிறது, ஏற்பி அடுத்த சுமைக்குத் திரும்பி வருகிறது.

இந்த அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு நோய் காட்டியது. 1967இல் விவரிக்கப்பட்ட அதற்கு ஐ-செல் நோய் என்று பெயர். பாஸ்பேட் பொருத்தும் அந்த ஒரு நொதி அதில் இல்லை. லைசோசோம் நொதிகள் எல்லாம் ஒழுங்காகத் தயாராகின்றன, ஆனால் அடையாளம் இல்லாமல் செல்லுக்கு வெளியே கொட்டிவிடுகின்றன. இரத்தத்தில் அளந்தால் நிறைய இருக்கும், லைசோசோமில் தேடினால் இருக்காது. போம்பே நோயில் பயணி இல்லை. ஐ-செல் நோயில் பயணிகள் எல்லாரும் இருக்கிறார்கள், பயணச்சீட்டு இல்லை.

வெளியிலிருந்து அனுப்ப முடியுமா?

இல்லாத நொதியை ஊசியில் போட்டால் என்ன என்று 1960களிலேயே முயன்றார்கள். கருப்புப் பூஞ்சையிலிருந்து பிரித்த நொதியைக் கொடுத்தார்கள். தசை தேறவில்லை. பூஞ்சை நொதிக்குக் கிளைக்கோஜனை உடைக்கத் தெரியும். நம் தசைச் செல்லின் வாசலில் நுழையும் அடையாளம் அதனிடம் இல்லை. இந்தக் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

விடை பக்கவாட்டில் இருந்து வந்தது. 1968இல் அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டும் உடனிருந்தவர்களும் இரண்டு வெவ்வேறு லைசோசோம் நோய் உள்ளவர்களின் தோல் செல்களை ஒரே தட்டில் கலந்து வளர்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று குணப்படுத்தின. ஒரு செல் வெளியே விட்ட நொதியை மற்றது உள்ளே எடுத்து லைசோசோமுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1977இல் அந்த அடையாளம் மானோஸ்-6-பாஸ்பேட் என்பது தெரிந்தது. கோல்கையில் வேலை செய்யும் அதே ஏற்பி கொஞ்சம் செல்லின் வெளிச்சவ்விலும் இருக்கிறது. தப்பித்து வெளியே போன நொதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சிகிச்சைக்குத் திறந்த ஒரே வாசலும் அதுதான்.

அப்புறம் கேள்வி உற்பத்தியைப் பற்றியது. மனித மரபணுவை பாக்டீரியாவில் செருகி இன்சுலினைச் செய்யலாம், செய்கிறார்கள். இந்த நொதியை அப்படிச் செய்ய முடியாது. பாக்டீரியாவுக்கு எண்டோபிளாச வலையும் இல்லை, கோல்கையும் இல்லை. புரதம் வரும், பாஸ்பேட் ஏறிய சர்க்கரைக் கொத்து வராது. நுண்ணுறுப்புகள் உள்ள செல்தான் வேண்டும், அதிலும் பாலூட்டியின் செல். முதலில் மனித மரபணு செருகிய முயல்களின் பாலில் இந்த நொதியைச் சுரக்க வைத்து, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நான்கு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 2000இல் முடிவு வெளியானது. இதயம் சிறுத்தது. போம்பேயின் நாட்டிலேயே அது நடந்தது என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. பிறகு சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் தொட்டி தொட்டியாக உற்பத்தி செய்தார்கள். ஆல்குளுக்கோசிடேஸ் ஆல்ஃபா என்ற அந்த மருந்துக்கு 2006இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. வெள்ளெலியின் கோல்கை போட்ட அடையாளத்தை நம் பிள்ளையின் தசைச் செல் ஏற்றுக்கொள்கிறது. யூகேரியோட் செல்களின் உறவு எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2007இல் வெளியான ஆய்வில் ஆறு மாத வயதுக்குள் சிகிச்சை தொடங்கிய 18 குழந்தைகளும் 18 மாத வயது வரை உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை இல்லாத காலத்தில் அந்த வயதை எட்டியவர்கள் மிகச் சிலரே.

ஆனாலும் குறைகள் உண்டு, அவற்றின் காரணமும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எலும்புத் தசை இழைகளில் அந்த ஏற்பி குறைவு. அதனால் இதயம் தேறும் அளவுக்குக் கையும் காலும் தேறுவதில்லை. மற்ற லைசோசோம் நோய்கள் பலவற்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் நொதி போதும்போது, இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நொதி மூளைக்குள் நுழைவதில்லை. சொந்த நொதியே அறவே உருவாகாத குழந்தைகளின் உடலுக்கு ஊசியில் வருவது முற்றிலும் அந்நியப் பொருள். எதிர்ப்புரதம் உண்டாகி மருந்தை முறித்துவிடும். அவர்களுக்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2021இல் வந்த புதிய வடிவத்தில் மானோஸ்-6-பாஸ்பேட்டைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள்.

விலை பெரும் சுமை. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது, வாழ்நாள் முழுதும் தேவை. குழந்தை வளர வளரச் செலவும் வளரும். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் போம்பே நோய் இடம்பெற்றிருக்கிறது, 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஒருமுறை கிடைக்கும் தொகை, ஆயுள் முழுதும் போட வேண்டிய மருந்து. அந்தக் கணக்கு பெற்றோருக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தசையில் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை நொதி திருப்பித் தராது. அதனால் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோம் என்பதே எல்லாம். கருவில் இருக்கும்போதே இதயத்தில் கிளைக்கோஜன் சேரத் தொடங்கிவிடுகிறது. முன்பே இந்நோய்க்குக் குழந்தைகளை இழந்திருந்த ஒரு தாய்க்குக் கனடாவின் ஒட்டாவாவில் 24ஆம் வாரத்திலிருந்து தொப்புள்கொடிச் சிரை வழியாகக் கருவுக்கே நொதியைச் செலுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை. பிறந்த பிறகும் தொடர்ந்தார்கள். 2022இல் அந்த அறிக்கை வெளியானபோது குழந்தைக்கு 13 மாதம். இதயம் இயல்பான அளவில் இருந்தது. குழந்தை நடந்துகொண்டிருந்தது.